எரியாத விளக்கைக் கவனிக்க இரண்டு மாதம் ஆனது

அந்தக் குளிர்காலத்தில் நான்காவது முறையாக என் கார் காலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றபோது, அதிலிருந்த பேட்டரிக்கு வயது 5 வாரம். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு வயது 3 வாரம். சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு வெளிச்சம் ஒரு கணம் மங்கி மறுபடி தெளியும். இரவு வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே 5, 6 வரை இறங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பக்கத்து வீட்டுக்காரர் நான் கேட்காமலே ஜம்பர் கேபிளோடு வந்துவிட்டார். அவருக்கும் பழகிவிட்டது.

வண்டி 17 வருடப் பழையது. வயதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், காரணம் இருக்கிறது. இதில் ஆல்டர்னேட்டருக்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. தடிமனான கேபிள் ஒன்று, மெல்லிய ஒயர் ஒன்று, டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு ஒன்று. சார்ஜ் ஏற்றும் ஏற்பாடு முழுவதும் அவ்வளவுதான். இவ்வளவு எளிமையான ஒன்றில் இரண்டு மாதம் அலைந்தேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை நின்றபோது யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பழைய பேட்டரி, கடும் குளிர். ஈய அமில பேட்டரிக்குக் குளிர் ஆகாது. 0 டிகிரியை நெருங்கும்போதே வண்டியைக் கிளப்பும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கு மேல் போய்விடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிவிடுவதால், சுற்ற வைக்க வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டும். கொடுப்பவன் இளைக்க, கேட்பவன் கூடுதலாகக் கேட்கிறான். அடுத்த வாரம் மறுபடி நின்றதும் பேட்டரியை மாற்றிவிட்டேன்.

புதுப் பேட்டரி இரண்டு வாரம் தாங்கியது. மூன்றாவது முறை நின்றபோது மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை ஓடவிட்ட ஐடிலில் 14.2 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருந்தால் நல்ல சார்ஜ் என்று எடுத்துக்கொள்ளலாம். "சார், இது பக்காவா ஏறுதே" என்றார். ஆனாலும் ஆல்டர்னேட்டரும் பழசு, உள்ளே சுற்றும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து விட்டு விட்டு வேலை செய்யலாம், மாற்றிவிடுவது நிம்மதி என்றார். நானும் சரி என்றேன். அவர் சொன்னது நியாயமான ஊகம்தான். பிரஷ் குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து, குளிரில் சரியாகத் தொடாமல், சூடான பிறகு தொடுவது உண்டு. ஆனால் ஊகத்தின் பேரில் உதிரிபாகம் மாற்றினோம். அது என் தவறு.

நான்காவது முறைக்குப் பிறகு கைக்கடக்கமான மல்டிமீட்டர் ஒன்றும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டேன். மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரிடம் வண்டி போய்ச் சேரும்போது மணி பதினொன்று. எஞ்சின் சூடாக இருக்கும். கோளாறு காலை ஏழு மணிக்கு, வீட்டு வாசலில் இருந்தது. அவர் அங்கே இல்லை. மீட்டரோடு நான்தான் நிற்க வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பேட்டரி காலியாவது இரவில் நிற்கும்போதா, பகலில் ஓடும்போதா? இந்தக் கேள்வியை இரண்டு மாதமாக யாருமே கேட்கவில்லை. இரவில் நிற்கும்போது காலியானால் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது. அணையாத டிக்கி விளக்காக இருக்கலாம், தூங்காத ரேடியோவாக இருக்கலாம். ஓடும்போது காலியானால் சார்ஜ் ஏறவில்லை. இரண்டுக்கும் தேடுகிற இடம் வேறு.

இதை அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் பேட்டரி பொய் சொல்லும். தட்டுகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சார்ஜ் 13 வோல்ட்கூடக் காட்டும். இரண்டு மணி நேரமாவது விட்டுவிட்டு அளக்க வேண்டும். ஓய்ந்த நிலையில் 12.6 அல்லது 12.7 என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். தினமும் இரவு படுக்கப் போகும் முன் ஒரு அளவு, காலையில் கதவைத் திறக்காமல், பானெட்டை மட்டும் தூக்கி ஒரு அளவு. பானெட் கொக்கி காருக்குள்ளே இருந்ததால், முந்தின இரவே அதை விடுவித்து வைத்துவிடுவேன். காலையில் கதவைத் திறந்தால் உள் விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும்.

ஒரு வாரம் எழுதியதும் நோட்டு பேச ஆரம்பித்தது. இரவு 12.45 என்றால் காலை 12.42. அதாவது நிற்கும்போது ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. உறுதிப்படுத்த ஒரு மாலையில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, வண்டியைப் பூட்டி 40 நிமிடம் காத்திருந்தேன். வண்டிக்குள் இருக்கும் சின்னச் சின்ன மின்னணுப் பெட்டிகள் உறங்கிப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். அதற்கு முன் பார்த்துவிட்டுப் பதறக்கூடாது. 28 மில்லியாம்பியர் காட்டியது. 50-க்குள் இருந்தால் பயமில்லை.

ஆனால் சில நாட்களில் இரவு அளவு, அதே நாள் காலை அளவைவிடக் குறைவாக இருந்தது. காலையில் 12.42. பகலில் ஓட்டியாயிற்று. இரவு 12.25. ஓட்டினால் ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது! அந்த வரியைப் பார்த்ததும் டீயைக்கூட மறந்துவிட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி இறங்கிய நாட்களில் இரண்டு விஷயங்கள் பொதுவாக இருந்தன. ஒன்று, காலை கடும் குளிர். இரண்டு, அன்று ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம். குளிர் இருந்தும் நெடுஞ்சாலையில் போன நாட்களில் பேட்டரி நன்றாக ஏறியிருந்தது.

இரண்டாவது விஷயத்தை உடனே புரிந்துகொண்டதாகத் தப்பாக நினைத்துவிட்டேன். குறுகிய தூரம் போனால் ஏறுவதற்கு நேரம் போதவில்லை, குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் உள்வாங்கும், அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அது உண்மையான விஷயம்தான், ஆனால் என் வண்டியில் நடந்தது அது இல்லை. மெதுவாக ஏறுவது வேறு, இறங்குவது வேறு.

சரி, ஓடும்போதே பார்த்துவிடலாம் என்று சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். மல்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் இல்லை, ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே காட்டும். ஆனால் கண் எதிரே இருக்கும். இத்தனை அலைச்சலில் நான் வாங்கிய பொருட்களில் உருப்படியானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை நல்ல குளிர். வண்டி கிளம்பியது. மீட்டரில் 12.1. எஞ்சின் ஓடுகிறது, பேட்டரி விளக்கு எரியவில்லை, எல்லாம் சரி என்று டேஷ்போர்டு சொல்கிறது. மீட்டர் மட்டும் 12.1, கொஞ்ச நேரத்தில் 12.0 என்கிறது. ஹீட்டர் விசிறியைப் போட்டதும் 11.9. ஆல்டர்னேட்டர் துளியும் வேலை செய்யவில்லை, வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டே போகிறது. தெருவைத் தாண்டி, மேட்டில் ஏற இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டியதும் மீட்டர் சட்டென்று 14.3-க்குத் தாவியது. அதன் பிறகு ஐடிலுக்கு வந்தும் இறங்கவில்லை. அலுவலகம் போய்ச் சேரும் வரை 14.2, 14.3.

மதியம் கிளப்பியபோது முதல் நொடியிலேயே 14.2.

மெக்கானிக் ஏன் ஒவ்வொரு முறையும் நல்ல அளவையே பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் கடைக்குப் போகும் வழியில் நானே ஒருமுறை மிதித்து அதை எழுப்பிவிட்டுத்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

இங்கே கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டர் நிரந்தரக் காந்தம் அல்ல. அதன் கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடினால்தான் அது காந்தமாகும். காந்தமானால்தான் சுற்றும்போது மின்சாரம் உண்டாகும். உண்டான பிறகு அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துத் தன்னைக் காந்தமாக வைத்துக்கொள்ளும். ஆனால் தொடக்கத்தில் யாராவது ஒரு சிட்டிகை கொடுக்க வேண்டும், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. என் வண்டி போன்ற பழைய அமைப்பில் அந்த உறையைக் கொடுப்பது டேஷ்போர்டு பேட்டரி விளக்கு வழியாக வரும் மின்சாரம்தான். சாவியைப் போட்டதும் மின்சாரம் விளக்கின் வழியாக, மெல்லிய டி பிளஸ் ஒயரில் ஓடி, ரோட்டருக்குப் போய், எஞ்சின் உலோகம் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிறது, அதாவது எர்த் ஆகிறது. விளக்கு எரிகிறது, ரோட்டர் லேசாகக் காந்தமாகிறது. எஞ்சின் கிளம்பி ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்ய ஆரம்பித்ததும் விளக்கின் இரண்டு முனையிலும் ஒரே மின்னழுத்தம். ஓடுவதற்கு மின்சாரம் இல்லை, விளக்கு அணைகிறது.

இப்போது அந்த மெல்லிய ஒயரில் எங்கோ இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும்? ரோட்டருக்கு உறை கிடைக்காது, சார்ஜ் ஏறாது. ஆனால் விளக்கும் எரியாது! எரிவதற்கான பாதையும் அதே ஒயர்தானே. கோளாறைச் சொல்ல வேண்டிய விளக்கின் வாயை அதே கோளாறு அடைத்துவிடுகிறது. வேகமாகச் சுற்றும்போது மட்டும், ரோட்டர் இரும்பில் மிச்சம் ஒட்டியிருக்கும் கொஞ்சூண்டு காந்தசக்தி போதுமானதாகி, ஆல்டர்னேட்டர் தானாக விழித்துக்கொள்கிறது. விழித்த பிறகு எஞ்சினை அணைக்கும் வரை தூங்காது. நெடுஞ்சாலை நாட்கள் நல்ல நாட்களாகவும், ஊருக்குள் உருட்டிய நாட்கள் கெட்ட நாட்களாகவும் இருந்ததன் மர்மம் இதுதான்.

அப்படியானால் கெட்ட காலைகளில், சாவியைப் போட்டு இன்னும் ஸ்டார்ட் செய்யாத நிலையில், பேட்டரி விளக்கு எரிந்திருக்கக்கூடாது. எரிந்ததா? தெரியாது. 17 வருடமாகச் சாவியை ஒரே திருப்பில் கடைசி வரை திருப்பிப் பழகியவன் நான். நடுவில் நிறுத்தி என்ன விளக்கு எரிகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த குளிர்ந்த காலைக்காக நான்கு நாள் காத்திருந்தேன். குளிர் வேண்டும் என்று அந்த வருடம் ஆசைப்பட்டது அந்த நான்கு நாள்தான். வந்தது. சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினேன். ஆயில் விளக்கு எரிந்தது. ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்தது. எஞ்சின் விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு இருக்க வேண்டிய இடம் இருட்டு.

மகளை எழுப்பி, ஸ்வெட்டரோடு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். சாவி போட்டபடி இருக்க வேண்டும், எஞ்சினைக் கிளப்பக்கூடாது, சிவப்பு பேட்டரிப் படம் எரிந்தால் சொல்ல வேண்டும். நான் ஆல்டர்னேட்டர் முதுகிலிருந்து ஒயர் செருகும் சின்னப் பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றி, ஒரு துண்டு ஒயரால் அந்த டி பிளஸ் முனையை எஞ்சின் உலோகத்தில் தொட்டேன்.

"அப்பா, எரியுது!"

எடுத்தேன். "அணைஞ்சிருச்சு."

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எர்த்தில் தொட வேண்டியது மெல்லிய ஒயர் மட்டும். பக்கத்திலேயே நட்டு போட்டு முடுக்கியிருக்கும் தடிமனான பி பிளஸ் கேபிள் நேராகப் பேட்டரியிலிருந்து வருவது. அதைத் தெரியாமல் எர்த்தில் தொட்டால் கை சுடும், ஒயரிங் எரியும். எது எது என்று நூறு சதவீதம் தெரியாவிட்டால் தொடாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே மேல்.

தொட்டதும் எரிந்தது என்றால் விளக்கு நன்றாக இருக்கிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, டேஷ்போர்டிலிருந்து கப்ளர் வரை ஒயரும் நன்றாக இருக்கிறது. எரியாமல் இருந்திருந்தால் நான் பின்னோக்கிப் போயிருக்க வேண்டும். அந்த விளக்கின் பல்ப் போயிருந்தாலே இதே நாடகம் நடக்கும். ஆக மிச்சம் இருப்பது ஆல்டர்னேட்டர், அல்லது கப்ளருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு தொடுப்பு. ஆல்டர்னேட்டர் புதிது. இரண்டு ஆல்டர்னேட்டரிலும் ஒரே கோளாறு என்றால், இரண்டுக்கும் பொதுவாக மாறாமல் இருந்தது என்ன? கப்ளர்.

திரும்பச் செருகினேன். விளக்கு இல்லை. ஒயரைக் கப்ளரை நோக்கி விரலால் லேசாகத் தள்ளினேன். "எரியுதுப்பா." விட்டேன். "இல்லை." இதை ஏழெட்டு முறை செய்திருப்பேன். குளிரில் கை விறைத்துப் போயிருந்தது, மகளுக்குத் தூக்கம் சொக்கியது, எனக்கு மட்டும் விட மனமில்லை.

கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்ததும் கதை முழுவதும் தெரிந்தது. உள்ளே இருக்கும் ஒயரின் உலோக முனையை, அதாவது டெர்மினலை, பிடித்து நிறுத்தும் குட்டி நாக்கு உடைந்திருந்தது. டெர்மினல் பின்னால் நழுவும் நிலை. வாயும் கொஞ்சம் அகன்று, ஓரத்தில் பச்சைக் களிம்பு. அதற்கு மேல், எப்போதோ வேறு வேலைக்குக் கழற்றி மாட்டியவர் ஒயர்க்கட்டை ஒரு கிளிப் தள்ளிக் குட்டையாகப் பிடித்துவிட்டிருந்தார். ஒயர் இழுத்துக் கட்டிய மாதிரி நின்றது. சூட்டில் பிளாஸ்டிக் உறை இளகி வளைந்து கொடுக்கிறது, டெர்மினல் தொடுகிறது. குளிரில் உறை விறைத்துச் சுருங்கி டெர்மினலை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. அந்த மயிரிழைதான் ஒரு பேட்டரியையும் ஒரு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வைத்தது.

பழுது பார்த்தது அரை மணி நேரம். டெர்மினலை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் இடத்திலிருந்து புது டெர்மினலை ஒயரோடு நசுக்கிக் கிரிம்ப் செய்து, புதுக் கப்ளர் போட்டு, ஒயர்க்கட்டைச் சரியான கிளிப்புக்கு மாற்றித் தளர்வு கொடுத்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு குளிர்ந்த காலைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. மின்னணுப் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் குளிர்விக்கும் ஸ்பிரே ஒன்றை வாங்கி, கப்ளர் மேல் பனி பூக்கும் வரை அடித்தேன். எஞ்சின் ஆறிய பிறகுதான், சூடான பாகங்களின் மேல் அல்ல. பத்து முறை சாவி போட்டேன், பத்து முறையும் விளக்கு எரிந்தது. இந்த ஸ்பிரே பற்றி முன்பே தெரிந்திருந்தால் மத்தியானத்திலேயே மெக்கானிக் கடையில் குளிர்காலக் காலையை வரவழைத்திருக்கலாம்.

பழுது பார்த்த கையோடு மற்ற இடங்களையும் அளந்து வைத்தேன். குளிரில் விட்டு விட்டு வரும் கோளாறு எல்லாமே இந்த ஒயர்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. எஞ்சின் ஓட, ஹெட்லைட், ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடிப் பனிநீக்கி எல்லாம் போட்டுவிட்டு, ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 0.12 வோல்ட். ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.04. இவை 0.2, 0.3 என்று ஏறினால் கேபிளோ, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையோ உள்ளே அரித்திருக்கிறது. அந்த எர்த் பட்டை பலரை அலைக்கழித்த ஆசாமி, வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதே நிலையில் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வைத்தால் 0.03. அரை வோல்ட்டைத் தாண்டினால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடு போயிருக்கும். பெல்ட்டையும் தொட்டுப் பார்த்தேன். கிளம்பியவுடன் ஆல்டர்னேட்டருக்கு வேலை அதிகம், குளிரில் ரப்பரும் விறைத்திருக்கும், அப்போது கீச்சென்று கத்தினால் பெல்ட்டோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. என்னுடையது கத்தவில்லை.

புது வண்டி வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதைய பல வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும். ஓடும்போது 12.8 காட்டுவதுகூட அங்கே கோளாறாக இருக்க வேண்டியதில்லை. அங்கே கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டித்தான் பேச வேண்டும்.

இடையில் ஒரு பெரியவர், எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார், வண்டி நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் போச்சு என்று யோசனை சொன்னார். அந்தக் காலத்து டைனமோ வண்டியில் செய்திருப்பார்கள். இப்போது செய்தால், பேட்டரி தாங்கிக்கொண்டிருந்த மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, டயோடு முதல் எஞ்சின் கம்ப்யூட்டர் வரை காலி செய்யலாம். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விட்டேன்.

பழுது சரியான அன்றிரவு பேட்டரியை வெளியே எடுத்து, வீட்டுக்குள் வைத்து, சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டேன். பாதி காலியாகப் பல வாரம் கிடந்த பேட்டரியை ஊருக்குள் ஓடும் ஓட்டம் நிரப்பாது. தட்டுகளில் சல்பேட் படிந்து, பிறகு அது எளிதில் கரையாது. காலியான பேட்டரி குளிரில் உறையவும் செய்யும். நிறைந்ததற்கு அந்தப் பயம் இல்லை. பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ உள்ளே ஐஸ் தெரிந்தாலோ அதற்குச் சார்ஜரும் கூடாது, ஜம்பர் கேபிளும் கூடாது, வெடிக்கலாம்.

பிறகொரு நாள் மெக்கானிக் கடைக்குப் போய் உடைந்த கப்ளரைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆல்டர்னேட்டர் மாத்தினப்ப இதை நான்தான் சார் செருகினேன்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மூலையில் கிடந்த என் பழைய ஆல்டர்னேட்டரை எடுத்து, மேசையில் கவ்வி, மோட்டார் பெல்ட்டை மாட்டி, விளக்கு ஒன்றை இணைத்துச் சுற்றவிட்டார். விளக்கு எரிந்து அணைந்தது. மீட்டரில் 14.2.